மூத்தவளின் குளிர்காலம்

கொடியில் கிடந்த சேலை தகரம்போல் விறைத்துத் தொங்கியது. புதிதாக வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்த பூங்கோதை அடுப்போரம் குந்தி நடுங்குவதைப் பார்த்து, கம்பளிக்குள் இருந்த மருதமுத்து சிரித்தான்.

“இதெல்லாம் ஒரு குளிரா? செவந்தி செத்த வருசம் வந்துச்சே, அது குளிர். விடிஞ்சு எழுப்புறேன், கட்டையாக் கெடக்குறா.”

செவந்தி அவனுடைய மூத்த தாரம். அப்போதும் வீட்டில் இந்த ஒரே கம்பளிதானாம். அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கப்போன பூங்கோதை சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“செத்தவங்க போர்த்துன துணிய சுடுகாட்டோட விட்ரணும். இதைப் போயி வீட்டுல வச்சிருக்கீங்களே?”

“பயப்படாத” என்றான் மருதமுத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டே. “அவ மேல இது பட்டதே இல்ல.”