அடுத்த பெல்ட்டுக்கு யாரைக் கூப்பிட?

காரிலிருந்து கழற்றிய டைமிங் பெல்ட்டை அந்தப் பெண்ணிடம் காட்டினார் மெக்கானிக். ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

"ஓடும்போது அறுந்திருந்தா இன்ஜினே போயிருக்கும்மா. பெல்ட்டை மாத்திடலாம். வாட்டர் பம்ப் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்."

"பம்ப்பையும் மாத்திடுங்க அண்ணே. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும்."

"பதினஞ்சு வருஷ வண்டிக்கு யாரும் இவ்வளவு செய்ய மாட்டாங்க."

"பரவாயில்ல, செய்யுங்க."

இந்த அம்மாவுக்கு வண்டி என்றால் உயிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வேலையை முடித்தார். மாற்றிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி இன்ஜின்மேல் ஒட்டிவிட்டு, நோட்டைப் பிரித்தார்.

"அடுத்து மாத்துற நேரம் வந்தா நானே கூப்பிட்டுச் சொல்வேன். நம்பர் குடுங்க."

கொடுத்தாள்.

"இது நீங்க பேசின நம்பர் இல்லையே?"

"என் வீட்டுக்காரரோடது. நாளையிலேருந்து வண்டி அவருக்கு, வீடு எனக்கு. கோர்ட்டுல அப்படித்தான் முடிஞ்சுது."

மெக்கானிக்கின் பேனா நின்றது. "பிரிஞ்சு போறவருக்கா இத்தனையும்?"

"சனி, ஞாயிறு பிள்ளைங்க அதுலதானே போகணும்."

சாவியை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள்.

"ஒரு தடவை சொன்னா மறந்துடுவாரு. ரெண்டு தடவை கூப்பிடுங்க."