ஒத்துக்கோடா ஏசுபாதம்

"மைசூர் சர்க்காருக்கு இவ்ளோ கடன் ஏறினதுக்கு உங்க வெள்ளைக்காரன்தான் காரணம். பஞ்சத்தப்போ ஆண்டது அவன்தானே?" என்றான் ராஜப்பா.

"பஞ்சக் கடன் பழசு. சீமையில கடன் வாங்கி ரயில் போட்டது உங்க அரமனைதானே?" என்றான் ஏசுபாதம்.

இவர்களைத் தெரியாதவர்களுக்கும் தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் மாரிகுப்பம் லைனில் இந்தச் சண்டை தெரியும். இன்று ஷிப்ட் முடிந்தும் ராஜப்பா வீட்டுக்குப் போகவில்லை.

"அந்த ரயில்லதானே நீ வந்து எறங்கினே?"

"நான் நடந்து வந்தவன்டா."

"அதான் புத்தி கால்ல கீது."

ஏசுபாதம் சிரித்தான். பிறகு, மெதுவாக, "அரமனை தீப்புடிச்சா புதுசா கட்றாங்க. அது யாரு கடன்?" என்றான்.

"கட்டாம? ராஜா தெருவுலயா படுப்பாரு?"

பதில் வரவில்லை.

மேஸ்திரி ராஜப்பாவின் தோளைத் தொட்டார். "விடாதே, பேசிக்கினே இரு. கண்ணசந்தா போயிடுவான். கல்லைப் பேத்து எடுக்க இன்னும் நேரமாவும்."

சுரங்கத்தை அடைத்துச் சரிந்து கிடந்த பாறைகளின் இடுக்கில் ராஜப்பா மறுபடி வாயை வைத்தான்.

"ஏசுபாதம், வெள்ளைக்காரன் மேலதான் தப்புன்னு ஒத்துக்கோடா."

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"உங்க பாதிரியே சொன்னாருடா, பஞ்சத்துல வெள்ளைக்காரன் தூங்கிட்டான்னு."

இந்தப் பொய்க்குக்கூட அவன் கோபப்படவில்லை. பின்னால் கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிடா. நீ சொன்னதுதான் நெசம். அரமனைதான் காரணம். நான் தோத்துட்டேன்."

ராஜப்பா இடுக்கில் காதை வைத்தான். இத்தனை வருஷமாக ஏசுபாதம் அவன் வாயிலிருந்து வாங்கப் பார்த்த சொல் அது.

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.