தூணடிக் கற்கள்

வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், பாலத்துத் தூணைச் சுற்றிக் குவித்திருந்த கருங்கற்களைக் காணோம். ஒச்சுக்காளை ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். உள்ளே அவர் மகள் பேச்சி பிள்ளைவலியில் முனகினாள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

“கல்லு ஆத்தோட போயிரும்னு போட்ட அன்னைக்கே சொன்னேன். எங்கேம்மா உங்க கல்லு?”

தூணடியைச் சோதித்துவிட்டுக் கரையேறிய இன்ஜினியரம்மா சொன்னாள்: “எங்கயும் போகலை, பெரியவரே. ஆறு தூணடியில குழி பறிச்சுச்சு. கல்லு சரிஞ்சு குழிக்குள்ள எறங்கி அடைச்சிருச்சு. அதுக்குத்தான் போட்டோம். பாலத்துல தாராளமாப் போகலாம்.”

“ஆளு எறங்கித் தள்ளாமயா?”

“தானாத்தான்.”

ஒச்சுக்காளை கலங்கல் தண்ணீரை எட்டிப் பார்த்தார். அவர் பெற்ற மகன்களே மூன்று தரம் கூப்பிட்டால்தான் வேலைக்கு எழுந்திருப்பார்கள். ஆட்டோவில் ஏறி டிரைவரிடம் சொன்னார்:

“விடுப்பா. தூணுகிட்ட ஆரன் அடிக்காத. கல்லுக வேலையா இருக்கு.”