டீ படாத ரெண்டு நாள்

“டீ நிறைய குடிப்பீங்களோ?” என்று கேட்டார் பல் டாக்டர்.

“வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல டாக்டர்.”

நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் பற்கள் அத்தனையும் பழுப்பேறிக் கிடந்தன. இருபது வருஷமாகப் பல் பார்க்கிற என்னிடமே காது குத்துகிறாரே என்று டாக்டருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மருந்து தடவி, நீல விளக்கைக் காட்டி, ஒரு மணி நேரத்தில் பற்களை வெளுத்து முடித்தார்.

“ரெண்டு நாளைக்கு டீ, காபி வாயிலேயே படக் கூடாது.”

அவர் துள்ளி எழுந்தார். “அதை அப்படியே லெட்டர்ல எழுதிக் கொடுங்க டாக்டர்!”

“அதான் குடிக்கவே மாட்டேன்னீங்களே! லெட்டர் எதுக்கு?”

“குடிக்க மாட்டேன். வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்பிடுவேன். டீ கம்பெனியில ருசி பார்க்கிற வேலை. தினம் இருநூறு கப்.”

“ரெண்டு நாள் லீவு கேட்டா தர மாட்டாங்களா?” என்றார் டாக்டர்.

“இடுப்பு பிடிச்சுக்கிட்டாலும், கால் சுளுக்கினாலும், ‘நாக்கு நல்லாத்தானே இருக்கு’ன்னு மேனேஜர் லீவு தர மாட்டார். நாளைக்கு என் பொண்ணு ஓட்டப் பந்தயத்துல ஓடுறா. இதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்ல.”

டாக்டர் லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். பிறகு கண்ணாடியை நீட்டினார். “பல்லைப் பாருங்க, எப்படி வெளுத்திருக்குன்னு.”

“அது கிடக்கட்டும் டாக்டர். லெட்டர்ல சீல் பளிச்சுனு விழுந்திருக்கா?”