மச்சத்துக்கு வெளியே

“இந்தப் பேனாக் கோட்டை யார் மாத்திப் போட்டது?” என்றார் நர்ஸ்.

கட்டிலில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தார். முழங்கால் தசைநார் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டதால், வீட்டுக்குப் போனவரை மறுபடி சேர்த்திருந்தார்கள். சிவப்பு எதுவரை பரவுகிறது என்று பார்க்க, அதன் ஓரமாக நேற்று பேனாவால் கோடு போட்டிருந்தார் நர்ஸ்.

“வேர்வையில கலைஞ்சிருக்கும் சிஸ்டர்.”

“வேர்வையில கோடு அழியும் சார். நடந்து போகாது. நேத்து முட்டியில இருக்கிற இந்த மச்சத்துக்கு உள்பக்கமா போட்டேன். இன்னிக்கு மச்சத்துக்கு வெளிய இருக்கு.”

பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க மறந்துட்டு எங்க தலையில கட்டாதீங்க. தொழிற்சாலையில அளவு சரிபார்க்கிறதுதான் இவர் வேலை. மயிரிழை தப்பினாலும் சாமானைத் திருப்பி அனுப்புற மனுஷன். இவரா கோட்டைத் தொடுவாரு? உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க.”

“தாராளமா கூப்பிடறேன். என் பேனா கறுப்பு. இது நீலம்.”

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு ஒன்று வந்தது. மூடி கடிபட்ட நீலப் பேனா ஒன்றும் வந்தது.

“என்னங்க இது?”

“சிவப்பு கோட்டைத் தாண்டலைன்னா நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார் அவர், மெதுவாக. “ஞாயித்துக்கிழமை உனக்கு வேலைப் பரீட்சை. வயசு வரம்புக்குள்ள இதுதான் கடைசி தடவை. நான் இங்க கிடந்தா நீ எப்படிப் போவ?”

நர்ஸ் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

“சாயங்காலமே மூட்டுக்குள்ள கழுவிச் சுத்தம் பண்ணணுமாம். இந்தக் காலோட உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தா முட்டியே போயிருக்கும் சார்.”

அடுத்த கட்டில்காரர் பேப்பரை மடித்து வைத்தார். அவள் இப்போது அழுவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது.

அவள் அழவில்லை.

“மன்னிச்சுக்குங்க சிஸ்டர். புதுசாப் போடுங்க, நான் இவர் கையைப் பிடிச்சுக்கறேன்.”

அவருடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

“நான் போக மாட்டேன்னு உங்ககிட்ட யார் சொன்னா? ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல வந்து இருக்க, உங்க அக்காகிட்ட நேத்தே சொல்லியாச்சு. பரீட்சைக்கு எடுத்து வெச்ச பேனாவைத்தான் காலையிலேருந்து காணோம்னு தேடிட்டிருக்கேன்.”