அனைவரும் வரலாம்

கதவு திறந்தே இருந்தது.

மூடச் சொல்ல முடியாது. மூடினால் தேர்வு செல்லாது. முனைவர் பட்டத்துக்கான கடைசித் தேர்வை ஊரறிய நடத்த வேண்டும் என்பது விதி. யாரும் வந்து உட்காரலாம். யாரும் கேள்வி கேட்கலாம்.

பதினைந்து நாளாகப் பல்கலைக்கழக வலைத்தளத்தில் அது கிடக்கிறது.

வளாகத்தில் வரும் நிகழ்ச்சிகள். திங்கள், ரத்ததான முகாம். செவ்வாய், கபடி அணித் தேர்வு. புதன், பொங்கல் விழா, உறியடி உண்டு. வியாழன் காலை பதினொரு மணி, தாவரவியல் துறைக் கூடம், பொது வாய்மொழித் தேர்வு. அதன் கீழே அவள் பெயர். இனிஷியலோடு.

கடைசியில் ஒரு வரி. அனைவரும் வரலாம்.

அண்ணனும் வரலாம்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்து நாலு வருடம். மூன்று வாடகை வீடு மாறியாயிற்று. கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தான். அவன் சொன்னதைச் செய்கிறவன். இங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்தது.

அலுவலகத்தில் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். பெயரை மட்டுமாவது எடுத்துவிடச் சொன்னாள். எழுத்தர் சிரித்தார்.

"பேர் இல்லாம எப்படிம்மா? பொண்ணு மாப்பிள்ளை பேரை விட்டுட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்களா?"

அந்த இனிஷியலில் அந்தப் பெயர் நூறு பேருக்கு இருக்கும், உன் அண்ணன் எதைக் கண்டான் என்று கணவன் தேற்றினான். அவனை வரவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவனும் அவளும் ஒரே இடத்தில் வேண்டாம்.

இப்போது மேடையில் நிற்கிறாள்.

படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் அடித்தது. முகங்கள் தெரியவில்லை. தலைகள் தெரிந்தன. கதவு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

உவர் மண்ணில் குதிரைவாலி. அதுதான் அவள் ஆய்வு. வாய் அதைச் சொல்லிக்கொண்டே போனது. கண் ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நீலச் சட்டை நுழைந்தது. ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

தேநீர் கொண்டுவந்த ஆள்.

தண்ணீர் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது. பயம் அப்படித்தான், யார் முன்னால் என்று பார்க்காது.

தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இனி பொதுமக்கள் கேட்கலாம் என்றார் நெறியாளர்.

எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். கைமாறிக் கைமாறி மேடைக்கு வரும்.

மூன்று சீட்டுகள் வந்தன.

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவதைப் பிரித்தாள். பென்சில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்கு. அம்மா அப்படித்தான் எழுதுவாள்.

'அண்ணன் முன் கேட்டுல நிக்கான். அது நீதானான்னு பாத்துட்டு வர என்னைய அனுப்பினான். நீ இல்லன்னு சொல்லப் போறேன். பின் கேட்டு வழியா போயிரு.'

மைக் சீட்டில் உரசியது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கடைசி வரிசையைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

சற்று முன்வரை அங்கே இருந்தது ஒரு பெண். இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறாள். இவள் ஆண்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தாள்.

"என்ன கேள்வி? சத்தமா வாசிங்கம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் நெறியாளர்.

அவள் சீட்டைப் பார்த்தாள். அதில் இல்லாததை வாசித்தாள்.

"உப்பு மண்ணில் இந்தப் பயிர் எப்படிப் பிழைக்கிறது?"

"நல்ல கேள்வி. சொல்லுங்க."

"வேர் முடிந்த அளவுக்கு உப்பைத் தடுத்துவிடும். மீறி ஏறுவதை..."

நின்றாள்.

"மீறி ஏறுவதை முதிர்ந்த இலைகள் வாங்கிக்கொள்ளும். அவை கருகிவிடும். குருத்து பிழைத்துக்கொள்ளும்."

சரியான விடை. தேர்வாளர் தலையாட்டினார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று எழுந்து அறிவித்தார். கைதட்டினார்கள். யாரோ விளக்கைப் போட்டார்கள். சால்வையோடு வந்தவர்களுக்குப் பின்னால் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

அம்மா இந்நேரம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். சொல்லியிருப்பாள். அண்ணன் நம்ப வேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன விஷயத்துக்குப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடும்.

எழுத்தர் வருகைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அதே எழுத்தர். வந்திருந்தவர்கள் பெயர், துறை, கையெழுத்து. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"சீனியம்மாள்னு போட்டிருக்கு. துறை எழுதல. உங்க வீட்டு ஆளாம்மா?"

சீட்டு அவள் கைக்குள் வேர்வையில் ஊறிப்போயிருந்தது. பைக்குள் கைவிட்டு ஆட்டோக்காரர் எண்ணைத் தேடினாள். பின் கேட்டுக்கு, நூலகத்துக்குப் பின்னால் வரச் சொல்ல வேண்டும்.

"இல்ல சார்," என்றாள். "யாருன்னே தெரியல."