தள்ளுபடியான கொலுசு

வாரண்டு இல்லாமல் வீடு புகுந்து போலீஸ் எடுத்த சான்று செல்லாது. செல்லாத சான்று யார் மனத்திலும் தங்கவும் கூடாது என்றது புதுச் சட்டம். எதிர்வீட்டு வேலப்பனின் பரணில் கிடைத்த கொலுசை, இன்ஸ்பெக்டரும் நீதிபதியும் நினைவழிக்கும் தொப்பியை மாட்டி மறந்துவிட்டார்கள். அது கொலையுண்ட தன் மகளுடையது என்று அடையாளம் காட்டிய மரகதவல்லி மட்டுமே பாக்கி.

"வலிக்காதும்மா. கொலுசு நெனப்பு மட்டுந்தான் போகும்," என்று கோர்ட் ஊழியர் தொப்பியை நீட்டினார்.

"மறந்துட்டு, நாளைக்கு அந்த வேலப்பனப் பாத்துச் சிரிக்கணுமாக்கும்?"

"சட்டம்மா."

மரகதவல்லி தொப்பியைத் தட்டிவிட்டு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் வீட்டுக்குள்ள போக வாரண்டு வேணும்னீங்க. என் தலைக்குள்ள நுழையப் பாக்கீங்களே, அதுக்கு வாரண்டு எங்கய்யா?"